கோட்டுப் பையில் இரண்டு தேசிக்காய்

இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி இன்று காலை விழுந்தது. அலுமாரியின் கோடியில் தொங்கிய குளிர்கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல இரண்டு கைகளையும் பைக்குள் விட்டேன். வலது கையில் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் இரண்டு தேசிக்காய். கறுத்துச் சுருங்கி, பாக்குப் போல இறுகிக் கிடந்தன. மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் எலுமிச்சை மணம் இருந்தது. மார்ச் மாதம் உன்னைச் சேர்ச்சிலிருந்து அனுப்பிவைத்த நாளில் நான் பைக்குள் போட்டவை அவை. அதன் பிறகு அந்தக் கோட்டைத் தொடப் பிடிக்காமல், மகனின் பழைய ஜாக்கெட்டோடு மிச்சக் குளிரை ஓட்டி முடித்தேன்.

"இஞ்சருங்கோ, உதென்ன கையிலை? காஞ்சுபோன தேசிக்காயே? எறிஞ்சு விடுங்கோ," என்றாள் மனைவி. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. "எறியமாட்டன். நீ உன்ரை வேலையைப் பார்!" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்தாள்? கோபம் உன்மேல். செத்தவர்களோடு கோபம் வைத்திருக்கக் கூடாது என்று நம்முடைய சுவாமியார் பிரசங்கத்தில் சொல்வார். அவருக்கு உன்னைத் தெரியாது.

நீ எஞ்சின் டிரைவர், நான் ஸ்டேஷன் மாஸ்டர். வடக்குப் பாதையில், வன்னிக்குள் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷன் என்னுடையது. ஒற்றைத் தண்டவாளம். எதிரே வேறு ரயில் இல்லை என்பதற்கு அடையாளமாக, வளையத்தில் கொழுவிய டப்லட்டை நான் கையில் தந்தால்தான் நீ அடுத்த ஸ்டேஷன்வரை போகலாம். தராவிட்டால், உள்ளே மந்திரி இருந்தாலும் ரயில் அசையாது. அந்த அதிகாரம் எனக்கு இருந்ததால்தான் என்னை "மாஸ்டர்" என்று இழுத்து இழுத்துக் கூப்பிட்டு நக்கல் அடித்தாய். கனடாவுக்கு வந்து இருவரும் கோப்பை கழுவியபோதும் அந்த "மாஸ்டர்" போகவில்லை.

உன் எஞ்சின் எம்-ஃபோர். ஆறு அச்சு, நீண்ட மூக்கு, பன்னிரண்டு சிலிண்டர். வெளிக்கிடும்போது முதலில் கறுப்புப் புகையைக் கக்கி ஸ்டேஷனையே இருட்டாக்கிவிட்டுத்தான் நகரும். பிளாட்போமில் நிற்கிற வெள்ளை வேட்டிக்காரர் எல்லாரும் எனக்குத்தான் ஏசுவார்கள். நீ மேலேயிருந்து சிரிப்பாய். அதன் பக்கத்தில் பதித்திருந்த தகட்டில் மொன்ட்ரியால், கனடா என்று இருக்கும். நின்ற இடமெல்லாம் இறங்கி அந்தத் தகட்டைத் துணியால் துடைப்பாய். "எம்-ஃபோர் எண்டது எங்கடை றெயில்வே வைச்ச பேர், மாஸ்டர். கட்டினவன் வைச்ச பேர் எம்.எக்ஸ். அறுநூற்றிருபது," என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய்! யார் கேட்டார்கள்?

பிறகு அந்தத் தேசிக்காய். இரவு நின்ற எஞ்சினைக் காலையில் எடுக்குமுன் முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு தேசிக்காய் வைப்பாய். அது நசுங்கவேண்டும், சாறு தண்டவாளத்தில் வடியவேண்டும். அதற்குப் பிறகு மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளிப்பாய். உள்ளே செபமாலை தொங்கும். ஒருநாள் பங்குச் சுவாமியார் கண்டுவிட்டு, கத்தோலிக்கன் செய்கிற வேலையா இது என்று எல்லாருக்கும் முன்னால் ஏசினார். அவர் போனபிறகு நீ சொன்னாய்: "மாதா பாத்துக்கொள்ளுவா, அது தெரியும் மாஸ்டர். தேசிக்காய் சும்மா ஒரு காவலுக்கு."

மாதா, தீர்த்தம், தேசிக்காய், எல்லாம் உனக்கு வேண்டும். ஒன்றில் குறை வந்தாலும் முகம் விழுந்துவிடும்.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கின கிழமை உன் ரயில் என் ஸ்டேஷனில் இரவு முழுக்க மறிபட்டு நின்றது. பெட்டிகளுக்குள்ளே தெற்கே போய்ச் சேர்ந்தால் போதும் என்று குழந்தை குட்டிகளோடு சனம். விடிகிற நேரம் அடுத்த ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. இப்போது விடு, பிறகு விடமுடியாது என்றார்கள். டப்லட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். நீ எஞ்சினுக்கு முன்னால் வெறுங்கையோடு குனிந்து நின்றாய். கொண்டுவந்த தேசிக்காய் முடிந்துவிட்டது.

"கொஞ்சம் பொறும் மாஸ்டர். உம்மடை வளவுக்கை மரம் நிக்குதெல்லே? ரெண்டு பிடுங்கிக்கொண்டு ஓடியாறன்."

"உனக்கென்ன விசரே? உந்தக் கண்டறியாத தேசிக்காயை விட்டிட்டு வெளிக்கிடு!"

என் குவாட்டர்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால்தான். பிளாட்போமில் நின்றாலே மரம் தெரியும், காய்த்துத் தொங்கியது. நீ மரத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். டப்லட்டை வாங்கிக்கொண்டு ஏறினாய். அந்தச் சனம் முழுவதும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் என் ஸ்டேஷனால் போன கடைசி ரயில் அதுதான். கொஞ்ச நாளில் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றிப் பதுங்குகிற பங்கர்கள் கட்டக் கொண்டுபோனார்கள்.

துவக்கும் குண்டும் வைத்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த நாசம் அது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீயோ அதை இரண்டு தேசிக்காயில் கொண்டுபோய்க் கட்டினாய். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. மொன்ட்ரியாலுக்கு வந்தபிறகு ஒருநாள், லாசாலில் உன் வீட்டில் தேத்தண்ணி ஊற்றித் தரும்போது உன் மனைவி வாய்தவறிச் சொன்னாள்: "அண்டைக்குத் தேசிக்காய் வையாமல் எடுத்ததாலைதான் பாதை செத்துப்போச்சு எண்டு இவர் சொல்லுறவர், அண்ணை." நான் கோப்பையைக் கீழே வைத்தேன். உன்னை வைக்கவிடாதவன் யார்? நான்தானே! அப்படியென்றால் உன் கணக்கில் அந்தப் பாதையைக் கொன்றவன் நான். அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உன் சட்டையைப் பிடித்திருப்பேன். நீயோ பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாய்.

மொன்ட்ரியாலுக்கு என்னைக் கொண்டுவந்ததும் நீதான். என் மனைவியின் சகோதரிகள் எல்லாரும் டொரொன்டோவில். அங்கே வீடு பார்த்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்து வைத்திருந்தார்கள். நீ போன் எடுத்தாய். "அங்கை போய் என்ன செய்யப்போறீர்? இஞ்சை வாரும் மாஸ்டர். எங்கடை எஞ்சினைக் கட்டின ஊர். நாங்கள் ஓட்டினம் எண்டால் கூப்பிட்டு வேலை தருவாங்கள்." எஞ்சினில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்து எந்த ஊரில் குடியிருப்பது என்று முடிவு செய்த மனிதன் உலகத்தில் நீ ஒருவன்தான். அவனை நம்பிப் பின்னால் வந்த மடையன் நான் ஒருவன்தான். வந்து பார்த்தால் அந்த எஞ்சின் தொழிற்சாலை பூட்டியாயிற்று. நீ எனக்குப் போன் எடுத்தபோதே அது பூட்டித்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. கேட்டால், "திரும்பத் திறப்பாங்கள் எண்டு நினைச்சன்," என்றாய். நீ லாசாலில் ஒரு ரெஸ்டோரன்டில், நான் ரொக்ஸ்பரோவில் ஒரு ரெஸ்டோரன்டில். பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிக்கப் பழகினார்கள். என் மனைவி இன்றைக்கும் டொரொன்டோவுக்குப் போன் எடுத்துவிட்டு ஒரு மணித்தியாலம் யாரோடும் கதைக்கமாட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, கிழக்கே இருந்த அந்தத் தொழிற்சாலையை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். மெட்ரோவில் போய், பஸ் எடுத்து, வேலிக்கு வெளியே நின்றோம். பெரிய இயந்திரமொன்று சுவரைக் கொத்திக் கொத்தி விழுத்தியது. நான் உன்னைத் திட்டத் தயாராகத்தான் போனேன். நீ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். அப்படி நிற்கிறவனை எப்படித் திட்டுவது? அந்தக் கோபத்தையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. லாசாலில் ஒரு தனியார் தொழிற்சாலை முற்றத்தில் வாகன்களை இழுக்கிற எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்தாய். "ஆர்.எஸ். பதினெட்டு, மாஸ்டர்! எங்கடையதுக்கு அண்ணன்காரன். நாலு அச்சுத்தான். ஆனால் அதே பன்னிரண்டு சிலிண்டர். சத்தத்தைக் கேளும், அதே சத்தம்!" பூசை முடிந்தால் சனம் பலகாரத்தைச் சுற்றி நிற்கும், நீ அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். என் வீட்டுக்கு வந்தால், பக்கத்தில் ஓடுகிற மின்சார ரயிலைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாய். "இது கோச்சியோ, கிரைண்டரோ?"

அந்த முற்றத்து எஞ்சினை ஓட்டியவன் ரெஜான். தாடி வைத்த பெரிய மனிதன், ஓய்வு பெறுகிற வயது. வேலிக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன். உனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் மணிக்கணக்காக என்னத்தைத்தான் கதைத்தீர்களோ! ஒருநாள் நீ என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "ரெஜான் என்னை ஏத்திறன் எண்டிட்டான். சனிக்கிழமை. ஒரேயொருக்கா, ஒழுங்காத் தேசிக்காய் வைச்சு எடுக்கோணும், மாஸ்டர். அவ்வளவுதான்."

ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வேண்டாம் என்றேன். இந்தக் காலத்தில், நம்முடைய முகத்தோடு, தண்டவாளத்தில் ஏதாவது வைத்தால் இங்கே என்ன நினைப்பார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ரெஜானுக்குச் சொல்லிப்போட்டன். அவன் சிரிச்சவன்," என்றாய்.

சனிக்கிழமை நான் வேலிக்கு வெளியேதான் நின்றேன். உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய். கழுத்துப் பொத்தானும் பூட்டியிருந்தாய். கடையில் வாங்கிய இரண்டு தேசிக்காயையும் தண்டவாளத்தில் வைத்து, உருளாமல் ஒரு சின்னக் கல்லை அண்டைகொடுத்தாய். சின்னப் போத்தலிலிருந்து தீர்த்தம் தெளித்தாய். ஏறினாய். ரெஜான் எழும்பி உனக்குச் சீற்றை விட்டான். எனக்கு உன் தோள் மட்டும் தெரிந்தது. கறுப்புப் புகை எழும்பியது. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் கேட்டபோது என் கை தானாக முன்னுக்கு நீண்டது, டப்லட் கொடுக்கிறதுபோல. அதற்காகவும் உன்மேல் கோபம்.

எஞ்சின் அசைந்தது. அதே நேரம் காவலாளி ஒருவன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். தண்டவாளத்தில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று றேடியோவில் சொல்லிக்கொண்டே வந்தான். ரெஜான் எட்டிப் பிரேக்கைப் போட்டான். சக்கரம் நின்ற இடத்துக்கும் தேசிக்காய்க்கும் இடையில் ஒரு சாண் இருக்கும்.

பொலிஸ் வந்தது. ஒரு இளம் பொலிஸ்காரி. கையுறை போட்டு அந்த இரண்டு தேசிக்காயையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. யார் இதை வைக்கச் சொன்னது என்று ஆங்கிலத்தில் உன்னைக் கேட்டாள். நீ எஞ்சினிலிருந்து இறங்கி, நேராக நின்று, வேலிக்கு வெளியே நின்ற என்னைக் கை நீட்டிக் காட்டினாய்.

"ஸ்டேஷன் மாஸ்டர், மேடம். அவர்தான் பெர்மிஷன் தந்தவர்."

நான் தந்தேனா? காலையிலிருந்து வேண்டாம், வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான்! அவள் வேலியடிக்கு வந்து, நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டரா என்று பிரெஞ்சில் கேட்டாள். என்ன சொல்வது? "வுய்," என்று தலையாட்டினேன். எந்த ஸ்டேஷன் என்றாள். அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை என்று, எனக்குத் தெரிந்த பிரெஞ்சைப் பொறுக்கிச் சொன்னேன். அவள் ரெஜானைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். இரண்டு கிழவர்களுக்கும் விசர் என்று அவர்கள் முடிவு கட்டியதால் தப்பினோம். இனி அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று எச்சரித்து விட்டார்கள். ரெஜானை எஞ்சினிலிருந்து இறக்கி உள்ளே வேறு வேலைக்குப் போட்டார்கள். அவனுக்கு அது என்ன தலைவிதி? அடுத்த வருஷம் எஞ்சினையும் கொண்டுபோய்விட்டார்கள், வெட்டுவதற்கு என்று சொன்னார்கள்.

அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் உன்னை நார் நாராகக் கிழித்தேன். முன் சீற்றில் இருந்த பெண் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டாள்.

"ஏன்ராப்பா என்ரை பேரைச் சொன்னனீ? நானே உன்னை வைக்கச் சொன்னனான்?"

நீ நிதானமாகச் சொன்னாய்: "டிரைவர் தன்ரை எண்ணத்துக்கு எஞ்சினை எடுக்கிறேல்லை, மாஸ்டர். மாஸ்டர் சொன்னால்தான் எடுக்கிறது. அண்டைக்கும் அப்பிடித்தானே."

"எண்டைக்கு?"

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "பேந்து கதைப்பம்." பிறகு கதைக்கலாமாம்!

அத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி நீ என்னிடம் சொன்னது அந்த ஒரு வசனம்தான். அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை. என்னை நம்பி எடுத்தேன் என்றாயா? என்னால் கெட்டது என்றாயா? நீ எந்தக் குரலில் சொன்னாய் என்று இப்போதும் சமையலறையில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நம்பிக்கை மாதிரியும் கேட்கிறது, குற்றப் பத்திரிகை மாதிரியும் கேட்கிறது. அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டேன்! உன் பேத்தி சேர்ச்சில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்தில் கேட்டேன். ஆஸ்பத்திரியில் நீ நெஞ்சு நோவென்று படுத்திருந்தபோதும் வெட்கமில்லாமல் கேட்டேன். பேந்து, பேந்து. வாயைத் திறந்தால் பேந்து. அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச்சில் ஒருநாள் நித்திரையிலேயே போய்விட்டாய்.

உன் அடக்கப் பூசைக்கு வரும் வழியில் இரண்டு தேசிக்காய் வாங்கினேன். ஏன் என்று என்னையே கேட்கவில்லை. பெட்டியை ஏற்றி முடித்து, சவ வண்டிக்காரன் கதவைச் சாத்தினான். நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு முன் சக்கரத்தடிக்குப் போய்க் குனிந்தேன். உன் மகன் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தான்.

"மாமா, ப்ளீஸ். இஞ்சை வேண்டாம். ஆக்கள் பாக்கினம்."

"உன்ரை அப்பா தேசிக்காய் வையாமல் வெளிக்கிடுறேல்லையடா."

"தெரியும் மாமா. ஆனா நேரம் போகுது. சவக்காலையில அடக்கத்துக்கு அவங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

அவன் நல்ல பிள்ளை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நான் நிமிர்ந்தேன். வண்டி பனிச்சேற்றை அரைத்துக்கொண்டு போனது. நேரம் போகிறது, வெளிக்கிடு என்று உன்னை நான் விரட்டியதுபோல, உன் மகன் என்னை விரட்டினான். அவன் செய்ததில் பிழையில்லை. நான் செய்ததிலும் பிழையில்லை. கேட்கிறதா உனக்கு? பிழையில்லை! அந்தக் காலை திரும்பி வந்தாலும், மரம் நிறையக் காய்த்துத் தொங்கினாலும், நான் வெளிக்கிடு என்றுதான் சொல்வேன். ரயில் பெட்டிகளுக்குள் பிள்ளைகள் இருந்தார்கள். நீ பிழை என்று ஒருதரம் சொல்லியிருந்தால் இதையெல்லாம் உன் காதில் அறைந்து சொல்லியிருப்பேன். சண்டை பிடித்துத் தீர்த்திருப்போம். நீ சண்டைக்கு வரவேயில்லை.

இந்த வருஷம் சண்டையெல்லாம் முடிந்துவிட்டதாம், வடக்குக்கு மறுபடி தண்டவாளம் போடப்போகிறார்களாம். சேர்ச் ஹோலில் கதைத்தார்கள். யாரோ உன் பெயரைச் சொல்லி, இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றார்கள். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். எந்த எஞ்சின் போகும், யார் ஓட்டுவார்கள், என் ஸ்டேஷனில் நிற்குமா என்று கேட்க எனக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை.

மனைவி குசினியிலிருந்து மறுபடியும் கேட்டாள், அதைக் குப்பைக்குள் போடட்டோ என்று. வேண்டாம் என்றேன், இந்த முறை கத்தாமல். இரண்டையும் திருப்பிக் கோட்டுப் பைக்குள் போட்டேன். சாறு இல்லை, நசுங்கவும் மாட்டாது. நீ பார்த்தால் உதவாது என்பாய். இருக்கட்டும். அன்றைக்கு அந்தப் பிளாட்போமில் உன் கையில் இல்லாதது இன்றைக்கு என் பைக்குள் இருக்கிறது. நடக்கும்போது ஒன்றோடொன்று தட்டுப்படுகிறது.